மச்சினன் கை

மனிதன் ஏன் தெரிந்தே ஆபத்தில் போய் விழுகிறான், ஏன் தெரிந்தே தப்புச் செய்கிறான் என்று கண்டுபிடிப்பதற்காக என்னைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். சிரிக்காதீர்கள். எழுபதுகளில் அதற்கும் உதவித்தொகை கொடுத்தார்கள். மெட்ராஸில் உளவியல் எம்.ஏ. முடித்து, ஆராய்ச்சிக்குப் பதிவு செய்து, சைக்ளோஸ்டைல் செய்த கேள்வித்தாள்கள் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு ரயிலைவிட்டு இறங்கினேன். எனக்கு அப்போது கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. நாசரேத்திலிருந்த என் அம்மாவுக்கு அதுதான் ஆபத்தாகவும் தப்பாகவும் பட்டது.

“ஏளா, மனுசன் ஏன் தப்பு செய்யுதான்னு ஞாயித்துக்கிழமதோறும் கோயில்ல சொல்லுதாங்கள்லா? அதக் கேக்கதுக்கு எதுக்குளா கடக்கரைக்குப் போகணும்?” என்றாள்.

அப்பா, அம்மா இருவருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவர் யாரும் கிடையாது. நல்லவர்கள் என்பதால் அல்ல, பழக்கமில்லை, அவ்வளவுதான். சின்ன வயதில் டின்னிலிருந்து முறுக்கை எடுத்துத் தின்றுவிட்டு, ‘நான் எடுக்கல’ என்று சொல்லும்போதே என் காது இரண்டும் சிவந்துவிடும். அம்மா டின்னைத் திறந்தே பார்க்க மாட்டாள், காதைத்தான் பார்ப்பாள். தப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இப்படி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தது என் பேராசிரியரின் சாமர்த்தியம்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. உயிரைப் பணயம் வைக்கிறவனும் ஊரை ஏமாற்றுகிறவனும் மனதளவில் ஒரே ஆள் என்பார். இரண்டு பேருமே பின்னால் வரப்போவதை நினைத்துப் பார்க்காதவர்கள். தலைக்கு மேலே ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே அடங்கிவிடுவார்கள் என்பார். அதை நிரூபிக்க இரண்டையும் சேர்த்துச் செய்கிற மனிதர்கள் வேண்டியிருந்தது. சங்கு குளிக்கிறவர்கள் அகப்பட்டார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குப் போகிறார்கள், அது ஆபத்து. எடுத்த சங்கையெல்லாம் கரையில் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். சிலர் ஒன்றிரண்டை ஒளித்து வெளியே விற்கிறார்கள் என்று புகார், அது தப்பு. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது.

முத்துக்குளிப்பு நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. முத்து என்று கேட்டால் கையை விரிப்பார்கள். சங்குதான் சோறு போட்டது. விடிந்ததும் வள்ளங்கள் கிளம்பிப் பாருக்குப் போகும். கடலுக்கடியில் சங்கு கிடக்கிற தரைக்குப் பார் என்று பெயர். அங்கே போனதும் ஒரு கனத்த கல்லில் கால் வைத்து ஆள் இறங்குவான். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் நிற்கிறவன் கையில். கீழே இருக்கிறவன் மூச்சு முடிகிற நேரத்தில் கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பான். அதை உள்ளங்கையில் உணர்ந்த மாத்திரத்தில் மேலே இருக்கிறவன் கடகடவென்று தூக்கிவிட வேண்டும். வேறு பேச்சே கிடையாது.

அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் வீடு, பங்கு என்று ஏதாவது ஒரு நினைப்பு குறுக்கே வந்துவிடலாம். மச்சினனுக்கு அப்படி ஒன்றும் வராது. தன் அக்கா தாலியறுப்பதை எந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான்? கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல ஏற்பாடு வராது என்று நினைத்தேன். வந்த புதிதில் எதைப் பார்த்தாலும் பிடித்துத்தான் போகும்.

சங்கு இறங்குகிற கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டேன். அந்த வீட்டில் மூன்று பேர். அக்காக்காரி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், குழந்தை இல்லை. அவள் வீட்டுக்காரர் அந்தக் கரையிலேயே பேர்போன சங்கு குளிக்கிறவர். அவளுடைய தம்பிதான் அவருக்குக் கயிறு பிடிக்கிறவன். தாய் தகப்பன் இல்லாதவன், கல்யாணம் ஆகவில்லை, அக்கா கையால்தான் சாப்பாடு.

முதல் நாள் அவள் வைத்த மீன் குழம்பின் உறைப்பு காதுவழியாகப் புகைந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, “நல்லாருக்கு” என்றேன்.

வீட்டுக்காரர் வீடே அதிரச் சிரித்தார். “ஏலே மாப்ள, டீச்சர் மூஞ்சியப் பாரு! கொழம்பு நல்லாருக்காம்லே!”

தம்பிக்காரன் சிரிக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு என் பக்கம் நகர்த்தினான். “ஒங்களுக்குப் பொய் வரல டீச்சர். காது செவக்குது” என்றான்.

நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப்பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் படித்த பெண்பிள்ளை என்றால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். எனக்கு ஊசி போடத் தெரியாது என்று தெரிந்ததும் டீச்சர் என்று முடிவாகிவிட்டது.

கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட அளவைவிடச் சிறிய சங்கை மறுபடியும் கடலிலேயே போட்டுவிட வேண்டும், அது வளர்ந்து பெரிதாக வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘ஒருவரும் பார்க்காத இடத்தில் சிறிய சங்கு கிடைத்தால் என்ன செய்வீர்கள்?’ என்பது மெட்ராஸில் தயாரான கேள்வி. வீட்டுக்காரர் வெகுநேரம் யோசித்தார்.

“ஆள் பாக்காத எடம் கடலுக்கடியில எங்கன இருக்கு டீச்சர்? மாதா பாத்துக்கிட்டு இருக்காவ. மீன் பாக்குது. கயித்து முனையில இவன் இருக்கான். வேற கேள்வி கேளுங்க.”

அவர் அப்படித்தான். பெரிய வாய், பெரிய சிரிப்பு. நல்ல மீன் துண்டை என் தட்டில் தள்ளிவிட்டு மீன்தலையைத் தான் கடித்துக்கொள்வார். கெட்டவனாகவே இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இந்த நினைப்பு தொண்டையில் நின்றிருக்காது.

கேள்வித்தாளைவிட என்னிடமிருந்த ஒரு விளையாட்டு நன்றாக வேலை செய்தது. மணலில் ஒரு முளை அடித்து, அதிலிருந்து தள்ளித் தள்ளிக் கோடுகள் போட்டுவிடுவேன். தேங்காய்நார் வளையத்தை முளையில் விழும்படி எறிய வேண்டும். எந்தக் கோட்டில் நின்று எறிவது என்பது அவரவர் இஷ்டம். தூரக் கோட்டுக்குப் போகிறவனுக்கு ஆபத்தில் ஆசை அதிகம் என்பது கணக்கு. மீசை வைத்த ஆம்பிளைகள் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி அடித்துக்கொண்டு வந்து விளையாடினார்கள். வீட்டுக்காரர் தனியாக வந்த அன்று நடுக்கோட்டைத் தாண்டவில்லை. மச்சினனோடு வந்த அன்று கடைசிக் கோட்டுக்கும் அப்பால் போய் நின்றுகொண்டார்.

“ஏன் அங்க போயிட்டீங்க?” என்று கேட்டேன்.

“தவறிப் போனா எடுத்துத்தர மாப்ள நிக்கான்லா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மற்றச் சோடிகளிடமும் பார்த்தேன், அதேதான். பின்னால் ஒரு நம்பகமான கை இருக்கிறது என்று தெரிந்தால் மனிதன் இன்னும் தூரம் போகிறான். கடலுக்கடியிலும் அப்படித்தான் செய்தார்கள். மச்சினன் இல்லாமல் கூலிக்கு ஒருவன் கயிறு பிடித்தால் மூச்சு மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிடுவார்கள். மச்சினன் பிடித்தால் கடைசி மூச்சுவரை கீழே துழாவிக்கொண்டிருப்பார்கள். ஆபத்துக்குக் காவல் வைத்த கைதான் ஆபத்தைக் கூட்டியது. பின்யோசனை இல்லாதவர்களா இவர்கள்? அவர்களுடைய யோசனை முழுவதும் அந்தக் கையில் இருந்தது. பேராசிரியருக்கு எழுதினேன். ‘சுவாரசியம்’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது.

பிறகு ஒருநாள் காலையில் அவர்களுடைய இன்னொரு பழக்கத்தைக் கண்ணால் பார்த்தேன். வள்ளம் கிளம்பத் தயாராக நின்றது. தம்பிக்காரன் வந்து அதன் முன்னால் நின்று, “இன்னைக்குக் கை சரியில்ல” என்றான். கையில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேலி இல்லை, முணுமுணுப்பு இல்லை. வீட்டுக்காரர் முகம் மட்டும் கறுத்தது. கல்லையும் கயிற்றையும் இறக்கி வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர்கள் இரண்டு பேரும் இல்லாமல் வள்ளம் போயிற்று.

மத்தியானம் சாப்பிடப் போனேன். அக்காக்காரியின் கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

“அவிய நல்லவியதான் டீச்சர். குடிச்சாத்தான் கை நீளுது” என்றாள். நான் கேட்காமலே மீதியையும் சொன்னாள். “மனசுல கோவத்த வச்சிக்கிட்டு கயிறத் தொடப்பிடாது. பாட்டன் காலத்துலருந்து உள்ளது. கை சரியில்லன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கிடணும். ஏன்னு ஒருத்தரும் கேக்கப்பிடாது. ஆனா கர முழுக்கத் தெரிஞ்சிரும்லா, இவிய வீட்டுல என்ன நடந்திருக்குன்னு.”

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் முந்திரி மக்ரூன் இனிப்புப் பொட்டலமும் பூவுமாக வந்து நின்றார். மறுநாள் தம்பியின் கை சரியாகிவிட்டது. அந்தச் சீசனில் இன்னும் இரண்டொரு தடவை அப்படி நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவமானம், மக்ரூன், பூ, பிறகு கொஞ்ச நாள் நிம்மதி.

“அடிக்கிற கைதான் அணைக்கும்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் வாயிலிருந்து இந்தப் பழமொழி முதலில் வந்ததோ, அவன் அடி வாங்கினவனாக இருக்க முடியாது. அந்த வீட்டில் அடிக்கிற கையை அடக்கி வைத்திருந்தது கயிறு பிடிக்கிற கை. போலீஸ் இல்லை, பஞ்சாயத்து இல்லை, கோயில் சாமியாரும் இல்லை. ‘கை சரியில்ல’ என்கிற இரண்டு வார்த்தைதான் அவளுக்கு இருந்த ஒரே காவல்.

சீசன் நடுவில் பேராசிரியர் வந்தார். சங்கு எடுக்கிற வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்த அதிகாரிகளைப் போய்ப் பார்த்தார். அவர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது: காரணம் சொல்லாமல் வராமல் போகிறவர்கள்தான் வேறு பக்கம் போய்க் குளித்து, சங்கை வெளியே விற்கிறார்கள் என்று. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். அவர் கொள்கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு யோசனை சொன்னார். வள்ளத்தில் ஒரு சோடி வராமல் போனால் அந்த வள்ளமே அந்த வாரம் முழுக்கக் கடலில் இறங்கக்கூடாது. தண்டனை எல்லார் தலையிலும் விழுந்தால் ஒருவனுக்கு ஒருவன் கண்ணாகிவிடுவான். தனியாகக் காவலுக்கு ஆள் போட வேண்டியதில்லை.

அவர் தங்கியிருந்த லாட்ஜ் வராந்தாவில் நின்று சண்டை போட்டேன். “சார், அது திருட்டுக்குச் சொல்கிற சாக்கு இல்லை. கோபத்தோடு கயிறு பிடிக்கக்கூடாது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். உயிர்ப் பிரச்சினை சார்.”

“கோபத்தை எப்படி அம்மா அளப்பது? ஆப்சென்ட்டை அளக்கலாம்” என்றார் அவர், சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே.

“அந்தப் பெண் அடிபடுகிறாள் சார். இது இல்லாவிட்டால் அவளைக் கேட்க நாதியில்லை.”

“அது குடும்ப விஷயம். நம் தலைப்புக்குள் வராது.”

குரல் கம்மிப்போகிறவரை பேசிப்பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவர் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்ன விதி அடுத்த வாரம் அமலுக்கு வந்தது. காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கொண்டுவரலாம் என்று ஒரு சலுகை வைத்தார்கள். கோபத்துக்கு எந்த டாக்டர் சீட்டுக் கொடுப்பான்?

சங்கை ஒளிக்கிறவர்கள் எப்போதும்போல ஒளித்தார்கள். ‘கை சரியில்ல’ என்று சொல்கிறவர்கள்தான் இல்லாமல் போனார்கள். அந்த வீட்டில் மக்ரூன் பொட்டலம் நின்றுபோயிற்று. கேட்க ஆளில்லை என்று தெரிந்த கை எதற்கு அடங்க வேண்டும்? ஒருநாள் கழுத்தில் நகக்கீறல், ஒருநாள் உதடு வீங்கியிருக்கும். அக்காக்காரி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பரிமாறுவாள். தம்பிக்காரன் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுவான். அவன் பார்க்கக்கூடாது என்று அவள் மூடினாள், பார்த்துவிடக்கூடாது என்று அவன் குனிந்துகொண்டான். நடுவில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“யாராவது சொந்தக்காரங்க வீட்டுல போய்க் கொஞ்ச நாள் இருங்களேன்” என்று சொல்லிப்பார்த்தேன்.

“போனா தம்பி மனசு இன்னும் கெட்டுப்போகும் டீச்சர். கயிறு பிடிக்கவன்லா” என்றாள்.

அந்த நாள் காலையில் நான் கரையில்தான் இருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் அவள் இடது கையை முறுக்கி ஒடித்துவிட்டார். விடிகாலையிலேயே தம்பிக்காரன் அவளை எலும்பு கட்டுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போய், மூங்கில் பட்டை வைத்துக் கட்டும்போது அவள் கையைத் தானே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அங்கிருந்து நேரே கரைக்கு வந்திருந்தான். வள்ளத்துக்கு முன்னால் வந்து நின்றான். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொன்னான்.

“இன்னைக்குக் கை சரியில்ல.”

வள்ளத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, அந்தக் கரையில் பாட்டன் காலத்திலிருந்து யாரும் கேட்காத கேள்வியை வள்ளத்திலிருந்து ஒருவர் கேட்டார். “ஏன்லே? ஒன் கைக்கு என்ன வந்துச்சு?”

ஒரு வாய் திறந்ததும் எல்லா வாயும் திறந்துகொண்டது. “ஒரு வாரம் அத்தன வீட்டு அடுப்பும் அணையணுமாலே?” “எல்லா வீட்டுலயுந்தாம்லே சண்ட இருக்கு.” “பெறவு பேசிக்கிடலாம், இப்ப ஏறு.” வீட்டுக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “அவன விடுங்க! சொன்னா சொன்னதுதான? ஏன்னு கேக்கக்கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கத்தினேன்.

“நீங்க சும்மா இருங்க டீச்சர். ஒங்க ஆளுவ போட்ட சட்டந்தான இது?” என்றார் ஒருவர். தம்பிக்காரன் தன் உள்ளங்கைகளை ஒரு தடவை விரித்துப் பார்த்தான். பிறகு ஏறிக்கொண்டான்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே வள்ளம் திரும்பிவிட்டது. நேரத்துக்கு முன்னால் திரும்புகிற வள்ளத்தைப் பார்த்தால் கடற்கரையில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரரைப் பலகையில் கிடத்தி இறக்கினார்கள். கண்ணும் வாயும் திறந்திருந்தன. அக்காக்காரி கட்டுப்போட்ட கையோடு ஓடிவந்து விழுந்தாள். மாரில் அடித்துக்கொண்டு அழ அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. அவர் விட்டுவைத்திருந்தது அவ்வளவுதான்.

மூச்சுத் திணறி இறந்தார், விபத்து என்று முடித்தார்கள். கரையில், “கடல் எடுத்துக்கிடுச்சு” என்றார்கள். தம்பிக்காரனை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அவனைச் சொன்னால் அவனை ஏறச் சொன்ன ஒவ்வொருவரும் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வருத்தப்பட்டார், நிஜமாகவே. ஆனால் இது ஒற்றைச் சம்பவம், ஆய்வில் சேர்க்க முடியாது என்றார். விதி சீசன் முடிகிறவரை இருந்தது.

அடக்கமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, நான் மணலில் அடித்திருந்த முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சியை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தம்பிக்காரன் வந்து நின்றான். இளைத்துப் போயிருந்தான்.

“டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க மனசப் பத்திப் படிச்சவிய.”

“கேளு.”

“அன்னைக்குக் கயிறு அசஞ்சிச்சு. கையில தெரிஞ்சிச்சு. அலையா, மச்சானான்னு யோசிச்சேன். ஒரு மூச்சு நேரம் இருக்கும். ரெண்டாவது அசையல. பெறவு இழுத்தேன்.” அவன் கழுத்தில் சுற்றியிருந்த லேஞ்சித் துணியை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தான். “இத்தன வருசத்துல நான் யோசிச்சதே கெடையாது டீச்சர். கை தானா இழுக்கும். அன்னைக்கு ஏன் யோசிச்சேன்? நான் வேணும்னு செஞ்சேனா?”

பிடுங்கிய முளையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன்.

“சாமியார்ட்டப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். வேணும்னு செய்யலன்னா பாவம் இல்லன்னாரு. வேணும்னு செஞ்சேனான்னுதான சாமி எனக்குத் தெரியலன்னு சொன்னேன். செபம் பண்ணுன்னு அனுப்பிட்டாரு. அதான் ஒங்ககிட்ட வந்தேன். எல்லாரும் எனக்காவப் பொய் சொல்லுதாவ. ஒங்களுக்குத்தான் பொய் வராது.”

நான் படித்திருந்த எதிலும் அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் போய்ப் பார்க்க வழி சொல்லியிருக்கவில்லை. அது அலையாக இருக்கலாம், தூக்கமில்லாத களைப்பாக இருக்கலாம், கோபமாக இருக்கலாம். எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். மனிதன் தன் காரியத்துக்குக் காரணத்தைப் பிற்பாடுதான் தேடிக் கண்டுபிடிக்கிறான் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அம்மா சொல்வாள். எவ்வளவு உதவாது என்று அன்றுதான் தெரிந்தது.

“நாளைக்குச் சொல்லுதேன்” என்றேன். நாசரேத்துப் பேச்சு தானாக வந்துவிட்டது.

நேரே அக்காக்காரியிடம் போனேன். ஒற்றைக் கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதைச் சொன்னேன்.

“இல்லன்னு சொல்லிருங்க டீச்சர். நீங்க சொன்னா நம்புவான்.”

“நீங்க என்ன நெனைக்கிய?”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கல் பொறுக்குவதையும் நிறுத்தவில்லை. “அன்னைக்குக் காலைல கட்டுப்போடையில அவன்தான் என் கையப் பிடிச்சிருந்தான். வலி தாங்கல டீச்சர். இந்த மனுசன் போயிச் சேந்தாத்தாம்லே எனக்கு நிம்மதின்னு சொல்லிட்டேன். வலியில சொன்னதுதான். அவன் ஒண்ணும் சொல்லல. கட்டு முடிஞ்சதும் எந்திச்சிக் கரைக்குப் போயிட்டான்.”

எந்த நம்பிக்கையில் அந்தக் கயிற்றை மச்சினன் கையில் கொடுத்து வைத்தார்களோ, அது அன்று காலையிலேயே அறுந்துபோயிருக்கிறது. அது தெரியாமல் ஒரு வள்ளம் நிறைய ஆட்கள் சேர்ந்து அவனை ஏறச் சொல்லியிருக்கிறார்கள்.

“இத அவன்ட்ட சொல்லிராதிய. எனக்கு ஒரே தம்பி டீச்சர்” என்றாள்.

மறுநாள் கரைக்குப் போகும்போது காதை மூடித் தலையில் முக்காடு போட்டுக்கொண்டேன், வெயிலுக்கு என்று. தங்கியிருந்த அறையில் கண்ணாடி முன்னால் நின்று பலதடவை சொல்லிப்பார்த்திருந்தேன். கரையில் காற்று. அவன் முன்னால் போய் நின்றதும் முக்காடு நழுவி விழுந்துவிட்டது.

“நல்லா யோசிச்சுப் பார்த்தேன். நீ வேணும்னு செய்யல. அது அலைன்னுதான் நெனச்சிருக்க” என்றேன்.

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தான்.

“அக்கா சொல்லச் சொன்னாளா?”

“இல்ல” என்றேன். இரண்டு காதும் நெருப்பாய்ச் சுட்டது.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோபமில்லை, அழுகையும் இல்லை. “சரி டீச்சர். அப்ப அவளும் நான் வேணும்னு செஞ்சேன்னுதான் நெனைக்கா” என்றான். லேஞ்சியால் கையைத் துடைத்துக்கொண்டே புதுத் துறைமுகத்துப் பக்கமாக நடந்து போனான்.

அந்த வாரமே நான் ஊருக்குக் கிளம்பினேன். சொல்லிக்கொள்ள அந்த வீட்டுக்குப் போனபோது மத்தியானம். தம்பியின் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, இன்னொரு தட்டால் மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடிய தட்டின் மேல் ஈ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

“சொன்னியளா டீச்சர்?”

“சொன்னேன்.”

“நம்பிட்டானா?”

முந்தானையை இழுத்துக் காதோடு மூடிக்கொண்டேன். “நம்பிட்டான்” என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடியிருந்த தட்டைப் பார்த்தாள்.

“அப்ப ஏன் டீச்சர் அவன் சாப்பிட வர மாட்டேங்கான்?” என்று கேட்டாள்.